நம் வாசலில் போட்ட மேடு

தம்பி,

நேரில் பேசினால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறாய். போனில் பேசினால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக உன் அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது என்ற நம்பிக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதும் கடிதம் என்றால் மனைவியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாமியார் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும் என்று நீ நினைப்பாய். அதெல்லாம் இதில் இல்லை. ஷாமினி கெட்டிக்காரப் பெண், உன்னை அவள் பார்த்துக்கொள்வாள். இது நம் வீட்டு வாசலில் நீங்கள் போட்ட மேட்டைப் பற்றிய கடிதம். இதன் பிரதி ஒன்றை நம் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் இருக்கும் கோபம் உனக்குக் கொடுத்தது போக இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

நடந்ததை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். செனாய் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் பெரிய ரோட்டு சிக்னலில் நிற்கச் சோம்பல்பட்டு நம் தாமானுக்குள் புகுந்து போவது இன்று நேற்று நடப்பதல்ல. நம் தெரு கோடு போட்டது போல நேராக இருப்பது அவர்களுக்கு வசதி. காலையில் ஷிப்டுக்கு ஓடும் மோட்டார் சைக்கிள்கள், வெங்காய லாரி, சிமெண்ட் லாரி எல்லாம் நம் கேட்டை உரசிக்கொண்டு பறக்கும். எதிர்வீட்டு மலாய்க்காரர் பாக் மானின் பேத்தி சைக்கிளோடு கேட்டைத் தாண்டி வந்தபோது ஒரு மோட்டார்க்காரன் அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான். முழங்கை சிராய்ப்போடு போனது, பெரிய அதிர்ஷ்டம். அதற்குப் பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். வேகத்தைக் குறைக்க ஒரு மேடு போடுங்கள் என்று நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதினோம். ஆய்வு செய்வோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம், மறுபடியும் ஆய்வு. ஆய்வு என்பது ஒரு மனிதர் காரில் வந்து, இறங்காமலேயே கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டுப் போனது என்று பிற்பாடு தெரிந்தது.

அப்போது நீதான் சொன்னாய். "அவங்கள நம்புனா ஆவாது மா. நாமளே போட்டுருவோம் லா." ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தோங் ரோயோங் என்று எல்லோரும் கூடினீர்கள். நான்காவது வீட்டு காண்ட்ராக்டர் தன் சைட்டில் மிஞ்சிய சிமெண்டைக் கொண்டு வந்தார். பாக் மான் மண்வெட்டியோடு வந்தார். உன் அப்பா பனியனோடு நின்று எல்லோருக்கும் யோசனை சொன்னார், ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. நான் மீகூன் வறுத்து, டீ கலக்கிக் கொடுத்தேன். நீ நடுவில் நின்று இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் என்று கை காட்டினாய். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று இனத்து ஆட்களும் ஒரே சிமெண்ட் சட்டியைச் சுற்றி நின்றதைப் பார்க்க எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. உன்னைப் பார்த்து அதைவிடப் பெருமை. அதை மறைக்கவில்லை.

மேடு உயரமாகிவிட்டது. பாக் மானின் காரே முதல் தடவை ஏறும்போது வயிற்றை உரசிக்கொண்டு போனது. "உயரமா இருந்தாதான் மா பயப்படுவாங்க," என்றாய். சரி, அது போகட்டும். சிமெண்ட் காய வேண்டும், அடுத்த ஞாயிறு வெள்ளையும் மஞ்சளும் பட்டை பட்டையாக அடிக்கலாம் என்று பேசி முடித்தீர்கள். அடுத்த ஞாயிறு நீயும் ஷாமினியும் கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க மெர்சிங் படகுத்துறைக்குப் போய்விட்டீர்கள். நீ இல்லாமல் எப்படி என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு மழை. சாம்பல் நிற ரோட்டில் சாம்பல் நிற மேடு, ஒரு பட்டை இல்லை, ஒரு பலகை இல்லை. மேட்டுக்கு முன்னால் இருக்கிற தெருவிளக்கு எப்போதோ அணைந்து போனது. பெயிண்ட் டின் இரண்டும் நம் வீட்டுப் போர்ச்சில் இருந்தன. தினமும் காலையில் பள்ளி வேனை எடுக்கும்போது நான் அவற்றைத் தாண்டித்தான் போனேன். உன் அப்பா அதன் மேல் பேப்பர் வைத்துப் படித்தார். காண்ட்ராக்டர் வந்தபோது அதில் காலை வைத்துச் செருப்பு மாட்டினார். யாரும் ஒரு பிரஷ்ஷை எடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் மேல்தான் முதலில் எரிச்சல் வருகிறது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவள் நான், தரைக்கு அடிக்க ஒரு எஞ்சினியர் வரவேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், உனக்கு விடுப்பு. விடிவதற்கு முன், தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சரிகிற சத்தம் கேட்டது. ஜோசபின் விழுந்து கிடந்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் பெயரை எழுதுகிறேன்.) இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், புருஷன் இல்லை, ஒரே மகள், எலெக்ட்ரானிக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் காலை ஷிப்டு. அன்றைக்கு சிக்னலில் கூட்டம் என்று யாரோ சொல்ல, எப்போதும் வராத நம் தெரு வழியாக வந்திருக்கிறாள். நம் ஆட்கள் எல்லோரையும் போல மழைச்சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டிருந்தாள். மோட்டார் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், சாப்பாட்டு டப்பா ஒரு பக்கம். கேட்டைத் திறந்துகொண்டு முதலில் ஓடியது நீ. செருப்புகூடப் போடவில்லை. அவள் கையை அசைக்காமல் துண்டு வைத்துக் கட்டினாய், தூக்கிக் காரில் வைத்தாய், ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாய். எக்ஸ்ரே எடுத்து முடிக்கும் வரை அங்கேயே இருந்தாய். தன் தப்புதான், தான்தான் பார்க்கவில்லை என்று அவள் அங்கே சொன்னதாக வந்து சொன்னாய். அன்று காலை நீ செய்ததில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை அன்று மத்தியானம் தொடங்கியது. குழுவில் எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர், அந்தப் பெண்ணின் மோட்டார் விளக்கு மங்கலாக இருந்ததாம் என்றார். இன்னொருவர், மழைச்சட்டையை அப்படிப் போட்டால் கை எப்படித் திரும்பும் என்றார். நம் தெருவில் அவளுக்கு என்ன வேலை என்று ஒருவர். லாரிக்காரர்கள் ஒழுங்காக இருந்திருந்தால் மேடே தேவைப்பட்டிருக்காது என்று ஒருவர். நகராண்மைக் கழகம் நேரத்துக்கு வந்திருந்தால் என்று ஒருவர். தெருவிளக்கைச் சரி செய்திருந்தால் என்று ஒருவர். மழை என்று ஒருவர். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன் தம்பி. எரிச்சல் எதில் என்றால், அத்தனையும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை. இத்தனை உண்மைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதற்குப் பின்னால் நாம் எல்லோரும் சௌகரியமாகக் குந்தியிருந்தோம். நீ என்ன எழுதினாய் என்று தேடினேன். கைகூப்பும் படம் ஒன்று போட்டிருந்தாய்.

அன்று சாயங்காலமே மேட்டை உடைத்துவிட்டீர்கள். போட எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. இரண்டு வாரமாக ஒரு பிரஷ்ஷைத் தூக்க ஆள் இல்லாத தெருவில் சம்மட்டி தூக்க மட்டும் அத்தனை பேர் வந்தார்கள். உடைத்த கட்டிகளைச் சாக்கடையில் தள்ளி, இருந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கினீர்கள். பிறகு உன் அப்பாவுக்கு ஒரு ஞானம் பிறந்தது. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, கண் திருஷ்டி, கழிக்க வேண்டும் என்று ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து நடு ரோட்டில் உடைத்தார். மறுநாள் காலை மோட்டாரில் வந்த ஒரு பையன் அந்தப் பூசணிக்காயில் சறுக்கி, காலை ஊன்றித் தப்பித்தான். நான் துடைப்பத்தோடு போய் அதை வாரிக் கொட்டினேன். திருஷ்டி பட்டது ரோட்டுக்கு இல்லை, நம் புத்திக்கு என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "ஒனக்கு எல்லாத்துலயும் கோவம்," என்றார்.

அடுத்த வாரம் நகராண்மைக் கழகத்து அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் ரிப்போர்ட் போயிருக்கிறது, அனுமதி இல்லாத மேடு என்று அதில் இருக்கிறது. இந்த முறை காரை விட்டு இறங்கி வீடு வீடாகக் கேட்டார். "சியாப்பா புவாட்?" யார் போட்டது என்று. ஒவ்வொரு கேட்டிலும் ஒரே பதில், "தக் தாவு". தெரியாதாம். மண்வெட்டி கொண்டு வந்தவருக்குத் தெரியாது, சிமெண்ட் கொண்டு வந்தவருக்குத் தெரியாது. நம் வீட்டுக் கேட்டில் உன் அப்பா நின்றார். அவருக்கும் தெரியாது. நான் சமையலறையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

நீ வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். நீ சொன்னதை மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். "எல்லாரும் சேந்துதான் போட்டோம் மா. என் பேர மட்டும் ஏன் சொல்லணும்? கேஸ் கீஸ்னு ஆச்சுன்னா சிங்கப்பூர் பெர்மிட் போயிரும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." பயத்தில் பேசுகிறாய் என்று தெரிகிறது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கி மண்டபம் பிடித்திருக்கிறோம், பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, கோத்தா திங்கியிலிருந்து சம்பந்தி வீட்டார் பஸ் ஏற்பாடு செய்துவிட்டார்கள். இந்த நேரத்தில் உன் வேலை போனால் என்ன ஆகும் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று சொல், எல்லோரும் சேர்ந்து போட்டோம் என்றால் எல்லோரும் போட்டோம் என்றுதானே அர்த்தம்? யாருமே போடவில்லை என்று அது எப்போது மாறியது? ஒரு விருந்தில் பத்து பேர் சாப்பிட்டால், நான் சாப்பிடவே இல்லை என்று ஒவ்வொருவனும் எழுந்து போக முடியுமா?

உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிங்கப்பூர் கம்பெனியில் உன் வேலையே பாதுகாப்பு அதிகாரி வேலை. தரை ஈரமாக இருக்கிற இடத்தில் மஞ்சள் பலகை வைக்காத ஆளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததாக நீயே வந்து பெருமையாகச் சொன்னாய். "விழுந்தவன் பாத்து நடந்திருக்கணும்னு சொல்றான் மா அந்த ஆளு. எப்படி இருக்கு பாருங்க," என்று சாப்பிடச் சாப்பிடப் பொரிந்தாய். நானும் உன்னோடு சேர்ந்து அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டினேன். இப்போது அந்த ஆள் நம் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஒரு முறை உன் காரில் என்னைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் நீ வேறு மனிதனானாய். கோட்டுக்குள் ஓட்டினாய், சிக்னல் போட்டுத் திரும்பினாய், ஒரு கிழவர் ரோட்டைக் கடக்க நின்று வழி விட்டாய். திரும்பி வரும்போது நம் பக்கத்துச் சாவடியைத் தாண்டினோமோ இல்லையோ, கால் கீழே போய்விட்டது. ஏன்டா என்று கேட்டதற்கு, "அங்க கேமரா இருக்கு மா," என்றாய். அப்போது சிரித்துவிட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நம் பக்கத்தில் கேமரா இல்லை, ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. இப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறோம். முதல் மோட்டார் வாங்கிய அன்று கோயிலுக்குக் கொண்டு போனோம். ஐயர் மாலை போட்டார், ஹேண்டிலில் கயிறு கட்டினார், இரண்டு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். உன் அப்பா சூடம் காட்டினார். அத்தனையும் முடிந்து நீ ஏறி உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், ஸ்டைலுக்காக இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றி வைத்திருந்தாய். கோயில் வாசலில் இருந்த ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. சாமி உன்னைப் பார்த்துக்கொள்ளும்டா, பின்னால் வருகிற லாரியை நீதான் பார்க்க வேண்டும் என்று நான் போட்ட கூச்சலில் கண்ணாடி திரும்பி வந்தது. பள்ளிக்கூட வாசலுக்குப் போனால் இன்னும் மோசம். மணி அடிக்கும் நேரத்தில் பிள்ளைகள் கடக்கிற வெள்ளைக் கோட்டின் மேலேயே கார்களை நிறுத்துவார்கள். கேட்டால் "செக்கெஜாப் லா", ஒரு நிமிஷம்தானே என்பார்கள். தன் பிள்ளை பத்திரமாக ஏற வேண்டும் என்று அடுத்தவர் பிள்ளையின் வழியை மறிக்கிறோம் என்று அவர்களுக்கு உறைப்பதில்லை. நானும் அவசரத்துக்கு வேனை அங்கே விட்டிருக்கிறேன். ஆளாளுக்கு ஒரு செக்கெஜாப், அதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ரோடு தெரியாமல் போகிறது.

ரோட்டில் யார் பொறுப்பு என்று இந்த நாட்களில் நான் நிறையவே யோசித்துவிட்டேன். வேன் ஓட்டும்போது வேறு என்ன வேலை. பொறுப்பை நாம் ஒரு ரொட்டி போல நினைக்கிறோம், பத்து பேருக்குப் பிய்த்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு துணுக்குதான் வரும், அதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று. அப்படி இல்லை தம்பி. லாரிக்காரனின் தப்பு முழுசாக லாரிக்காரனுடையது. ஆய்வு செய்கிறேன் என்று கண்ணாடிக்குள் இருந்து பார்த்தவரின் தப்பு முழுசாக அவருடையது, அதை நான் விடப்போவதில்லை. அதனால் நம் தப்பு ஒரு கடுகளவும் குறையாது. இன்னொன்றையும் கவனித்தாயா? யாரும் போடவில்லை என்று சொன்னதோடு நாம் வாயை அடைத்துக்கொண்டோம். ஏன் போட்டீர்கள் என்று அவர் கேட்டிருந்தால், நீங்கள் போடாததால் போட்டோம் என்று சொல்லியிருக்கலாம். பாக் மானின் பேத்தியைக் காட்டியிருக்கலாம், அணைந்த விளக்கைக் காட்டியிருக்கலாம். தெரியாது என்று சொன்னவர்களுக்கு எதையும் கேட்கிற உரிமை இல்லை. இப்போது மேடும் இல்லை, விளக்கும் இல்லை. லாரிகள் முன்பைவிட வேகமாகப் போகின்றன. அந்தக் குழந்தையை இப்போது கேட்டுக்கு வெளியே விடுவதே இல்லை.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் ஜோசபினின் மகள் ஒரு கேக் கொண்டுவந்து கொடுத்தாளே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அண்ணனுக்கு அம்மா கொடுக்கச் சொன்னாங்க என்று. நீ அந்தப் பிள்ளையிடம் "அய்யோ, இதெல்லாம் எதுக்கு," என்று சொல்லி வாங்கிக்கொண்டாய். சாயங்காலம் வெட்டிச் சாப்பிட்டாய். நன்றாக இருக்கிறது, நீங்களும் சாப்பிடுங்கள் என்று எனக்கும் ஒரு துண்டு நீட்டினாய். உன்னைப் பெற்றதிலிருந்து எத்தனையோ தடவை உன் மேல் கோபம் வந்திருக்கிறது. வெட்கம் வந்தது அன்றுதான். நீ போட்ட மேட்டில் விழுந்தவள் உனக்கு நன்றி சொல்கிறாள், நீ அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாய். அந்தத் துண்டை நான் தொடவில்லை. மறுநாள் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. மகள்தான் தலை சீவி விடுகிறாளாம், ரவிக்கைக் கொக்கி மாட்டி விடுகிறாளாம். வேலை சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துவது, விரல் பழையபடி வளையுமா என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை. எனக்கு மைலோ கலக்க எழுந்தவளைப் பிடித்து உட்கார வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், போட்டு உடைத்துவிட்டேன். அந்த மேடு நாங்கள் போட்டது, எங்கள் வீட்டு வாசலில்தான் சிமெண்ட் கலந்தோம், பெயிண்ட் என் காலடியிலேயே இருந்தது, நான் அடிக்கவில்லை என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா," என்றாள். "ரெண்டு தெரு தள்ளி இருக்கேன், எனக்குத் தெரியாமலா? யாராச்சும் வந்து சொல்வாங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

அப்புறம் ஏன் ஆஸ்பத்திரியில், என் தப்புதான், நான்தான் பார்க்கவில்லை என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"உங்க மவன் மொகத்தப் பாத்தேன்க்கா. காரு ஓட்டறப்ப திரும்பித் திரும்பி என்னையே பாக்கறான். அந்த நேரத்துல அவன என்னத்தக் கேக்கறது? அவனா ஒரு நாளு வருவான்னு நெனச்சேன். வரல. மக கிட்ட கேக் குடுத்து விட்டேன். அப்பவாச்சும் வருவான்னு நெனச்சேன்."

தம்பி, இதை ஒரு தடவை நிறுத்திப் படி. அந்தக் கேக் நன்றிக்கு வந்ததல்ல. உனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். அவளுக்கு வேலை இல்லை, கை இல்லை, அவள் உனக்கு வழி செய்து கொடுத்திருக்கிறாள். நீ பிளேட்டைக் கழுவி வைத்தாய்.

அங்கிருந்தே அந்த நகராண்மைக் கழக அதிகாரிக்குப் போன் செய்தேன். போட்டவர்களில் நானும் ஒருத்தி என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுங்கள் என்றார். என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அபராதமாக இருக்கலாம், போலீஸுக்கும் போகலாம், என்னால் இப்போது சொல்ல முடியாது என்றார். ஆகவே எதுவும் ஆகாது என்று உனக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை. ஷாமினியிடம் நேற்றே பேசிவிட்டேன். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத அவரு எங்கிட்ட சொல்லவே இல்ல, அத்த," என்றாள். அதற்கு நீ தனியாகப் பதில் சொல்லிக்கொள். பாக் மானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். காண்ட்ராக்டர் யோசிக்கிறார். உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார், இருக்கட்டும், நான் இழுத்துக்கொண்டு வருவேன்.

நான் போனை வைத்ததும் ஜோசபின் கேட்டாள், "நானும் வரட்டாக்கா? என் மோட்டார் லைட்டு மங்கல்தான். மாத்தணும் மாத்தணும்னு விட்டுட்டேன். அதையும் சொல்லணும்ல." கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டு தன் பங்கைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனை வாசலில் நிறுத்துவேன். அவளுக்கு முன் இருக்கை. உனக்குப் பின்னால் இடம் இருக்கிறது. என் பெயரை நான் சொல்லிவிடுவேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தில்கூட எழுதவில்லை. நீ பிறந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் அர்ச்சனை என்று போன இடமெல்லாம் உனக்காக உன் பெயரைச் சொன்னது நான்தான். இந்த ஒரு இடத்தில் அதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா